பன்பாயில் வைத்த புள்ளிகள்

தலைவர் அவர்களே, முன்வரிசைக் கதிரைகளில் அமர்ந்திருக்கும் கல்வி அதிகாரிகளே, கிண்ணியாத் துறை கடந்து வந்திருக்கும் பெற்றோரே! மறைந்த கணித ஆசான் யேசுரட்ணம் அவர்களோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்த அலியார் நான். அழகாகப் பேச எனக்கு இன்றைக்கு ஏலாது. வயிறு எரிந்துகொண்டு நிற்கிறேன்.

வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போனபோது, அவன் அலுவல் பார்த்த கந்தோர்களில் மிஞ்சிய, கட்டம் அச்சடித்த வரைபுத்தாள்களைக் கேட்டு வாங்கி வந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தவர் யார்? எங்கள் யேசுரட்ணம் மாஸ்டர். அதுவும் முடிந்தது. பிறகு இறக்குமதியும் நின்றது. எழுதுகிற கொப்பிக்கே கடையில் வரிசை. வரைபுத்தாள் கேட்டு மாஸ்டர் கல்விக் கந்தோருக்கு எத்தனை தரம் எழுதினார்? பதில் வந்ததா?

அப்போதுதான், மாணவி ரபீக்காவின் தாயார் பன்புல்லில் இழைத்த பன்பாயை வகுப்பில் விரித்தார். சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாக இழைத்த பாய். கட்டங்களை எண்ணி, புள்ளிக்குப் பதிலாகக் கட்டத்தின் நடுவில் புளியங்கொட்டை வைத்து, நேர்கோடும் வளைகோடும் படிப்பித்தார். பிள்ளைகள் சிரித்துச் சிரித்துப் படித்தார்கள்.

பொதுப் பரீட்சை வந்தது. மண்டபத்தில்தான் அவர்கள் முதன்முதலாக அச்சடித்த வரைபுத்தாளைக் கண்டார்கள். அதில் கோடுகள் வெட்டுகிற இடத்தில் புள்ளி இட வேண்டும். பாயில் பழகிய பிள்ளைகள் என்ன செய்வார்கள்? கட்டத்துக்கு நடுவில் குத்தினார்கள். வகுப்பு முழுவதும் ஒரே பிழை. பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று பெறுபேறுகளை நிறுத்திவிட்டார்கள்.

மாஸ்டர் அந்தப் பாயைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு கல்விக் கந்தோருக்குப் போனார். நானும் கூடப் போனனான்.

"பிள்ளையள் களவு செய்யேல்லை, ஐயா. நான்தான் பாயில படிப்பிச்சனான். பிழை என்ர. என்னைத் தண்டியுங்கோ."

"பாயைக் கொண்டுபோய் விரிச்சுப் படுங்கோ, மாஸ்டர்."

அதிகாரி சொன்ன பதில் அதுதான். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டருக்குப் பதவி உயர்வு கடைசிவரை கிடைக்கவில்லை. அதை அவர் பெரிதாக எடுக்கவுமில்லை. ஆனால் பெறுபேறும் வரவில்லையே! படிப்பிக்கப் போக வேண்டும் என்று ஆசைப்பட்ட ரபீக்கா இன்றைக்குப் பாய் இழைத்து விற்கிறாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் மாஸ்டர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "பிள்ளையளின்ர றிசல்ட் வந்ததா, அலியார்?"

அதிகாரிகளே, அவர் பெயரில் நினைவுப் பரிசு கொடுக்கப்போகிறீர்களாம். யாருக்கு வேண்டும் அது? அந்தப் பிள்ளைகள் களவு செய்யவில்லை என்று முதலில் எழுதிக் கொடுங்கள்.

ரபீக்கா இதோ இருக்கிறாள். அவளோடு படித்தவர்களும் வந்திருக்கிறார்கள். நாளைக்கு இவர்களைக் கூட்டிக்கொண்டு உங்கள் கந்தோருக்கு வருவோம். பெறுபேறு கைக்கு வரும்வரை வந்துகொண்டே இருப்போம். மாஸ்டர் ஒரு பாயோடு வந்தார், சிரித்து அனுப்பினீர்கள். எங்களைப் பார்த்தும் சிரியுங்கள், பார்ப்போம்.