என் அப்பாவின் பெயர் போட்ட பொம்மை

சின்னப் பிள்ளைகளுக்கு ரஸ்தாளிப் பழம்தான் நல்லது. பூவனில் லேசான புளிப்பு உண்டு, பிள்ளைகள் முகத்தைச் சுளிக்கும். ரஸ்தாளி வாயில் வைத்ததும் கரைந்துவிடும். அந்தப் பெண்ணிடமும் இதைத்தான் சொன்னேன். எந்தப் பழம் கொடுக்கலாம் என்று அவள்தான் கேட்டாள்.

இதை நானே என் கையால் எழுதித் தருகிறேன், இன்ஸ்பெக்டர். உங்கள் ரைட்டர் எழுதிய முதல் பக்கத்தைப் படித்தேன். இரண்டு வரிக்கு ஒரு பிழை. இருதயநாதன் வாத்தியாரின் மகள் சொன்னதாக அப்படி ஒரு காகிதம் இந்த ஊரில் இருக்கக் கூடாது.

நீங்கள் வெளியூர், அப்பாவைத் தெரிந்திருக்காது. பாலக்கரையில் இன்றைக்கும் ஆட்டோவில் ஏறி 'வாத்தியார் வீடு' என்றால் போதும், தெருப் பெயர் கேட்க மாட்டார்கள். பொன்மலைப் பணிமனையில் வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் கணக்குப் படித்தவர்கள். பெற்றவர்கள் நன்றியாகக் கொண்டுவந்த தேங்காயைக்கூட வாசலிலேயே திருப்பிக் கொடுத்து அனுப்புவார். அவர் விட்டுப்போன சொத்து ஒரு வீடும் ஒரு பெயரும். வீட்டுக்கு வருஷா வருஷம் நான் வெள்ளையடிக்கிறேன். பெயரையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டேன்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தில்லை நகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்து, நர்ஸிங் சூப்பரின்டெண்டாக ஓய்வு பெற்றேன். தம்பி அற்பாயுசில் போய்விட்டதால் அவன் மகன் கிளமெண்டை நான்தான் வளர்த்தேன். அவன் மனைவி சௌமியா. ஒரு காலேஜ் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். கெட்ட பெண் இல்லை. ஆனால் ஒரு வீட்டுக்கு வந்தால் அந்த வீட்டின் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கத் தெரிய வேண்டும். அது அவளுக்கு வரவில்லை.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தாள். இன்டர்நெட்டில் பொம்மைக் கடை போடப் போகிறாளாம். வெளிநாட்டுப் பொம்மைகள்.

"சரக்கை எங்க வைப்பே?" என்று கேட்டேன்.

"சரக்கே நம்ம வீட்டுக்கு வராதுங்க அத்தை. ஆர்டர் வந்ததும் நான் சென்னைக்காரருக்குச் சொல்லிடுவேன். அவர் குடோன்லேர்ந்து நேரா அவங்க வீட்டுக்கே போயிடும்."

"அப்ப நீ கண்ணால பாக்காத சாமானை விப்பே."

"இப்ப எல்லாரும் இப்படித்தான் அத்தை பண்றாங்க. தாத்தா பேரை வச்சா நம்ம ஊர்ல கண்ணை மூடிட்டு வாங்குவாங்க. 'இருதயநாதன் டாய்ஸ்'. நல்லா இல்ல?"

கிளமெண்ட் சிரித்தான். "தாத்தாவோட பிரம்பையும் படமாப் போட்டுடு. பணம் தராம ஒருத்தனும் ஓட மாட்டான்."

நான் சோற்றில் வைத்த கையோடு எழுந்துவிட்டேன். எனக்குக் கோபம் வரும் என்பதை நான் மறைக்கவில்லை. சத்தம் போட மாட்டேன், அவ்வளவுதான். வார்டில் நான் நடந்து வரும் செருப்புச் சத்தம் கேட்டாலே நர்ஸுகள் எழுந்து நிற்பார்கள். கத்துகிறவர்களுக்கு யாரும் எழுந்து நிற்பதில்லை.

நான் வேண்டாம் என்று முடிவாகச் சொல்வதற்குள் அவள் கடையைத் திறந்துவிட்டாள். செல்போன் திரையில் அப்பாவின் பெயர், பக்கத்தில் பல்லைக் காட்டும் கரடி. அடுத்து நான் செய்தது ஒன்றுதான். வாங்குகிறவர்கள் கூப்பிடும் எண்ணாக என் எண்ணைப் போடச் சொன்னேன். அவள் பகலெல்லாம் காலேஜில் இருப்பவள். அப்பாவின் பெயரைச் சொல்லி ஒருவர் கூப்பிட்டால், பதில் சொல்கிற குரலுக்கு ஒரு தகுதி வேண்டும். அவளுக்குச் சந்தோஷம். "அத்தையும் நம்ம பிசினஸ்ல சேந்துட்டாங்க" என்று அவள் அம்மாவிடம் போனில் சொன்னது என் காதில் விழுந்தது.

மாதிரிக்கு ஒரே ஒரு பொம்மை வீட்டுக்கு வந்தது. மஞ்சள் கோழிக்குஞ்சு. தலையைத் தொட்டால் கீச்கீச் என்று கத்தும். அதன் பெட்டியில் அப்பாவின் பெயர் அச்சடித்த ஸ்டிக்கரை ஒட்டி, ஜன்னல் பக்கம் வைத்துப் படம் எடுத்தாள். எடுத்துவிட்டு டி.வி. மேல் வைத்திருந்தாள். வீடு பெருக்கும் பொன்னுத்தாய் துடைக்கும்போது அது கீழே விழுந்தது. அடிப்பக்க மூடி தானாகத் திறந்து, ஒரு பேட்டரி உருண்டு என் கால் பக்கம் வந்து நின்றது. வட்டமாக, பளபளவென்று, ரூபாய்க் காசு மாதிரி. மூடிக்குத் திருகாணியே இல்லை. நகத்தால் நெம்பினாலே திறந்தது.

அந்தப் பேட்டரியை எனக்குத் தெரியும். வேலையில் இருந்தபோது அதை விழுங்கிய ஒரு குழந்தை வந்தது. டாக்டர் குழாய் விட்டு வெளியே எடுத்தபோது தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். காசு என்றால் வயிற்றில் இறங்கிப் போய்விடும். இது தொண்டையில் நின்று, நின்ற இடத்தைப் பொசுக்கும். இரண்டு மணி நேரம் போதும் என்று டாக்டர் புதிய நர்ஸுகளை நிற்கவைத்துச் சொன்னார். அந்தப் பாடத்தைப் பிறகு வருஷா வருஷம் நான்தான் அவர்களுக்கு எடுத்தேன்.

எனவே, எனக்குத் தெரியாது என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். தெரியாமல் செய்தேன் என்று எழுதிக் கொடுத்தால் தண்டனை குறையும் என்கிறார் கிளமெண்ட் பார்த்துவைத்த வக்கீல். எனக்குத் தெரியாதா. என்ன வார்த்தை அது.

சாயங்காலம் சௌமியாவிடம் காட்டினேன். அவள் முகம் வெளுத்துப்போனது. அங்கேயே நின்று அந்தப் பொம்மையை விற்பனையிலிருந்து எடுத்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஏற்கெனவே வாங்கிய எல்லோருக்கும் அனுப்ப ஒரு செய்தி எழுதினாள். கோழிக்குஞ்சைப் பிள்ளையிடமிருந்து உடனே வாங்கி வைக்கவும், பேட்டரி ஆபத்து, பணம் திருப்பித் தரப்படும் என்று.

"எங்கப்பா பேரைப் போட்டு, நாங்க வித்தது ஆபத்துன்னு ஊரெல்லாம் தண்டோரா போடப் போறியா?" என்றேன்.

"பிள்ளைங்க விஷயம் அத்தை. நீங்களே நர்ஸு. உங்களுக்கு நான் சொல்லணுங்களா?"

"நீ எனக்குச் சொல்ல வேண்டாம். விக்கிறதை நிறுத்திட்டே இல்ல, அதோட விடு. அந்தச் செய்தி போச்சுன்னா நீங்க ரெண்டு பேரும் வேற வீடு பாத்துக்கங்க."

கிளமெண்ட் அவள் கையிலிருந்து போனை வாங்கி வைத்தான். "விடு சௌமி. அத்தைக்குத் தெரியாததா?" என்றான். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுதிருப்பாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு கடையைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அந்தப் பெண், வேணி, கூப்பிட்டாள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம் வீடாம். "பொம்மை வாங்கினோமே, அந்தக் கடைங்களா?" என்றாள். கடையின் பெயரைச் சொல்லக்கூட அவளுக்குத் தெரியவில்லை. அதுவே எனக்கு எரிச்சல். கோழிக்குஞ்சிலிருந்து பேட்டரியைக் காணோம், பையன் கையில்தான் பொம்மை இருந்தது, முழுங்கியிருப்பானோ என்று பயமாக இருக்கிறது என்றாள்.

"வீட்டுக்காரர் துறையூர் போயிருக்காருங்க. ஆட்டோ பிடிச்சு தில்லை நகர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடவா மேடம்?"

அவள் சொன்னது நான் வேலை பார்த்த மருத்துவமனை. என் பெயரும் என் அப்பா பெயரும் அங்கே துப்புரவுப் பெண் வரைக்கும் தெரியும். போனால் எக்ஸ்ரே எடுப்பார்கள். என்ன பொம்மை, எந்தக் கடை என்று கேட்பார்கள். போலீஸுக்குச் சொல்வார்கள். மறுநாள் பேப்பரில் வரும். எல்லாம் எனக்கு ஒரே நேரத்தில் தெரிந்தது. நான் அவசரப்படவில்லை. யோசித்துத்தான் பேசினேன்.

"பதறாதம்மா. நான் நர்ஸிங் சூப்பரின்டெண்டா இருந்தவ. இந்த மாதிரி எத்தனையோ பாத்திருக்கேன். வாழைப்பழம் கொடு, தானா வெளிய வந்துடும்."

ஊரில் காசு விழுங்கிய பிள்ளைக்கு எல்லோரும் சொல்வதுதான் இது. அவள் அம்மாவும் அதையே சொன்னாளாம். நானும் சொன்னதும் அவளுக்கு உயிர் வந்தது. "என்ன பழங்க கொடுக்கலாம்?" என்று கேட்டாள். சொன்னேன்.

மறுநாள் காலை மறுபடி கூப்பிட்டாள். "எச்சில் வடிஞ்சுக்கிட்டே இருக்குங்க மேடம். தண்ணி கூட உள்ள போக மாட்டேங்குது. இருமுறான்."

பேட்டரி எங்கே நிற்கிறது என்பது எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. நான் பாடம் எடுத்த அடையாளங்கள்தான், வரிசை மாறாமல் சொன்னாள். அப்போதும் அனுப்பியிருக்கலாம். ஆனால் முதல் நாள் வாழைப்பழம் கொடுக்கச் சொன்னது யார் என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும். இருதயநாதன் வாத்தியாரின் மகள் தப்பாகச் சொன்னாள் என்று வரும்.

"தொண்டையில லேசாக் கீறியிருக்கும். மோர் கொஞ்சம் கொஞ்சமாக் கொடு. நாளைக்குச் சரியாப் போயிடும்" என்றேன்.

"ரொம்ப நன்றிங்க மேடம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள்.

மூன்றாவது முறை போன் அடித்தபோது நான் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். ஜெபத்துக்கு நடுவே போன் எடுக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. முடித்துவிட்டுப் பார்த்தேன். அதே எண். நான் திருப்பிக் கூப்பிடவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் பையன் வாயால் ரத்தமாக எடுத்து, ஆஸ்பத்திரி வாசலிலேயே இறந்துபோனான். அகிலன் என்று பெயராம். நீங்கள் சொல்லித்தான் தெரியும். நான் கேட்கவில்லை.

கடை சௌமியாவின் பெயரில் பதிவாகியிருப்பதால் வழக்கு அவள்மேல்தான் என்றீர்கள். அவளும் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம், ஆமாம் என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. அவள்மேல் இரக்கத்தால் இதை எழுதுவதாக நினைக்க வேண்டாம். அந்த வீட்டில் முடிவெடுக்கிறவள் நான். செய்தி போகக் கூடாது என்று தடுத்தது நான். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம் என்று சொன்னது நான். வேறு வீட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணின் பெயரில் என் முடிவு பதிவாகக் கூடாது.

இன்னும் ஒன்று எழுத வேண்டும்.

நேற்று வேணி வீட்டிலிருந்து எடுத்துவந்த பொம்மையின் அட்டைப் பெட்டியை மேசைமேல் வைத்தீர்கள். எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் பார்த்தேன். கோழிக்குஞ்சின் படம் இருந்தது. சீன எழுத்து இருந்தது. சென்னைக் குடோன் முகவரி இருந்தது. அப்பாவின் பெயர் இல்லை. ஸ்டிக்கர் ஒட்டியது மாதிரிக்கு வீட்டுக்கு வந்த அந்த ஒரு பெட்டியில் மட்டும்தானாம். மற்றதெல்லாம் குடோனிலிருந்து நேராகப் போனவை. அவற்றில் யார் உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டுவார்கள் என்று கேட்டீர்கள். கடையின் பெயரையும், நான் அவளைத் தடுத்த அன்றைக்கே சௌமியா மாற்றிவிட்டாளாம். 'கூடை பொம்மைகள்' என்று ஏதோ ஒன்று. "செய்தியும் அனுப்ப முடியல, தாத்தா பேரை வச்சுக்க எனக்கு என்ன அருகதை இருக்கு" என்று உங்களிடம் சொன்னாளாம்.

ஒரே வீடு. ஒரே மேசையில் சாப்பாடு. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரியவர்களிடம் மறைத்துச் செய்யும் காரியம் எங்கே கொண்டுபோய் விடும் பாருங்கள். அவள் அன்றைக்கே சொல்லியிருந்தால், வேணி முதல் தடவை கூப்பிட்டபோதே, பழம் கிழம் ஒன்றும் கொடுக்காதே, ஆட்டோ பிடித்து உடனே தில்லை நகர் போ என்று சொல்லியிருப்பேன். நானே டாக்டருக்குப் போன் செய்து தயாராக இருக்கச் சொல்லியிருப்பேன். பிள்ளை பிழைத்திருக்கும். எத்தனையோ பிள்ளைகளை அப்படிக் காப்பாற்றியவள் நான்.