தை மாசத்து ஏசி

— இன்னும் கொஞ்சம் ஏத்தட்டுமா சார், ஏசிய?

— ஏத்து. புழுங்கறது.

— தை மாசத்துல உங்களுக்கும் புழுங்குதா. சரி, ஏத்திட்டேன். அம்மாவுக்கு அந்த சால்வைய கழுத்து வரிக்கும் இழுத்து வுடுங்க. கூடுவாஞ்சேரி வந்தாச்சு. இனிமே பெருங்களத்தூர்தான் பேஜாரு. பொங்கலுக்குப் போன ஊரே திரும்பி வந்துகினு கீது.

— வேதா தூங்கறா. நீ கண்ணாடியில பின்னாடி பார்த்துண்டே ஓட்டாதே, சிட்டிபாபு. ரோட்டைப் பார்.

— ரோட்டத்தான் சார் பார்க்குறேன். நீங்க பேசிகினே வாங்க. கெளம்பும்போது அந்த கேம்ப்பு மேனேஜர இன்னாவோ கேட்டீங்களே, அத்த சொல்லுங்க.

— என்ன கேட்டேன். "ஏம்ப்பா, விளம்பரத்துல கூடாரத்துக்கு மேல வானம் பூரா நட்சத்திரமா போட்டிருந்தியே, அதெல்லாம் எங்கே"ன்னு கேட்டேன். காட்டுப்பன்னி வரக்கூடாதுன்னு கம்பத்துக்குக் கம்பம் ஃபோகஸ் லைட் போட்டு வெச்சிருக்கான், கல்யாண மண்டபம் மாதிரி. அண்ணாந்தா கண்ணு கூசறது. அவன் சாவகாசமா சொல்றான், "சார், நட்சத்திரம் எங்க கன்ட்ரோல்ல இல்ல"ன்னு.

— ராத்திரி பூரா ஜெனரேட்டர் சத்தம் வேற. நான் வண்டிக்குள்ள கண்ணாடிய ஏத்திகினு படுத்தும் தூக்கம் வர்ல.

— கூடாரத்துல ஜிப்பு பிஞ்சிருந்தது. தண்ணிக்கு ஒரு நீல டிரம். அதுல பல்லி மிதக்கறது. "கேம்ப் ஃபயர்"னு சொல்லி டயரைக் கொளுத்தி, ஓஎம்ஆர் ஐடி கம்பெனி பசங்க முப்பது பேர் ஆடிண்டிருந்தா. வேதா மூக்கைப் பொத்திண்டு உள்ளயே உட்கார்ந்திருந்தா.

— அம்மா எனக்குப் போர்வை வாங்கியாரத்தான் சார் வெளிய வந்தாங்க. "டிரைவர்னா மனுஷன் இல்லையா"ன்னு அந்தாள ஒரு புடி புடிச்சாங்க பாருங்க. அந்தப் போர்வைய நான் திருப்பிக் குடுக்கல. டிக்கில கீது.

— இருக்கட்டும். அவன் பண்ணினதுக்கு அதுவாவது நஷ்டமாகட்டும்.

— மெய்யாலுமே கேக்குறேன். மூணு தபா நான்தான் இட்டுகினு போறேன். ஏலகிரில குடிசைன்னு படம் போட்டான், போனா தகரக் கொட்டா. அந்த ஏரிக்கரை கேம்ப்புல ஏரியில தண்ணியே இல்ல. இப்ப கல்வராயன் மலையில இது. அம்மாவுக்கு இன்னாத்துக்கு சார் இந்தக் கூடாரப் பைத்தியம்?

— ஸ்கூல்ல முப்பது வருஷம் ஜியாக்ரஃபி எடுத்தாளோல்லியோ. பால் வீதி, சப்தரிஷி மண்டலம்னு கரும்பலகையில புள்ளி வெச்சுக் காமிச்சே காலம் போயிடுத்து. நம்ம சிட்லபாக்கம் மொட்டை மாடியில நின்னா ஏர்போர்ட் வெளிச்சம்தான் தெரியறது. "ஒரு தடவை நிஜத்துல பார்த்துட்டா போறும்"பா. ஃபோன்ல தேடித் தேடி அவளே புக் பண்ணுவா. எந்தப் படத்தைப் பார்த்தாலும் நம்பிடுவா, கேட்டியா.

— அம்மா பையில போன் அடிக்குது சார். உங்க பொண்ணு, மேடவாக்கத்து பாப்பாவா இருக்கும். நாலாவது தபா.

— சின்மயிதான். அடிக்கட்டும். ஆத்துக்குப் போய் நேர்லயே சொல்லிக்கறேன்.

— சரி சார்.

— பாட்டு எதுவும் போடலையா? வழக்கமா போடுவியே.

— வேணாம் சார். திண்டிவனத்துலயே நிறுத்திட்டேன். அம்மா தூங்குறாங்கல்ல.

— ஆமாம். தூங்கறா.

— டீ குடிக்கணும்னா சொல்லுங்க.

— வேண்டாம். எங்கேயும் நிறுத்தாதே.

— நானும் நிறுத்தறதா இல்ல சார். சும்மா கேட்டேன். காலையில நான் ஓடியாறதுக்குள்ள அம்மா எந்திரிச்சு உக்காந்துட்டாங்க. எப்படி சார் வுழுந்தாங்க?

— டாய்லெட்டைக் கொண்டுபோய் பள்ளத்துல கட்டி வெச்சிருக்கான். மண்ணை வெட்டிப் படி, கைப்பிடி கிடையாது. விடிகாலைல தனியா போனா. நான் கூட வரேன்னேன், "நீங்க தூங்குங்கோ"ன்னுட்டா. திடீர்னு ஜெனரேட்டர் நின்னுடுத்து. கும்மிருட்டு. நான் தடவிண்டு கூடாரத்தை விட்டு வெளில வந்து மேல பார்த்தேன், சிட்டிபாபு. இருந்தது. அவ கேட்டது அத்தனையும் இருந்தது. எனக்கு வேறெதுவுமே தோணலை. "வேதா, மேல பாரு, மேல பாரு"ன்னு கத்தினேன்.

— அம்மா படியில இருந்தாங்களா?

— ஏறிண்டிருந்தா. நான் கூப்பிட்டேன்னு அண்ணாந்திருக்கா.

— நீங்க ஆசையாத்தான சார் கூப்ட்டீங்க.

— மறுபடி லைட்டு வந்தப்போ படிக்குக் கீழ உட்கார்ந்திருந்தா. பின்மண்டையைத் தடவிண்டு சிரிச்சா. "பார்த்துட்டேன்"னா. ரத்தமே இல்லை. சின்னதா ஒரு வீக்கம், அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒரு காபி கூட குடிச்சா.

— அங்க சிக்னலும் இல்ல, கிட்டத்துல ஆஸ்பத்திரியும் இல்லன்னுட்டான் மேனேஜரு. நான் உளுந்தூர்பேட்டையில வண்டிய ஓரங்கட்டி சொன்னேனே சார், ஒரு ஆஸ்பத்திரில காமிச்சுடலாம்னு.

— சொன்னே. நீ சொன்னது எனக்கு நன்னா ஞாபகம் இருக்கு. அவதான் ஒரே பிடிவாதமா, "வேண்டாம், தூக்கம் வரது, நேரா ஆத்துக்குப் போகலாம்"னா. நானும், சரி, தூங்கட்டும்னு விட்டுட்டேன். தோள்ல சாய்ச்சுண்டு, தட்டிக் கூடக் குடுத்தேன்.

— அத்தையே நெனச்சுகினு இருக்காதீங்க சார். அம்மாவுக்கு ஆஸ்பத்திரின்னா அம்மாம் பயமா?

— ஆஸ்பத்திரிக்கு பயமில்லை. அவ அண்ணா அச்சுதன்னு ஒருத்தர் இருந்தார். வேலை விஷயமா வெளியூர் போன இடத்துல, பஸ் ஸ்டாண்டுல தடுக்கி விழுந்து போயிட்டார். தீபாவளி லீவு. போலீஸ் வரணும், டாக்டர் வரணும், அறுத்துப் பார்க்கணும்னு மார்ச்சுவரியில போட்டுட்டா. கடைசியா வெள்ளைத் துணியில மூட்டையா கட்டிக் குடுத்தா. முகத்தைத் தவிர ஒண்ணும் தெரியலை. அதுவும் அவர் முகமா இல்லை. வேதா அன்னிக்கே எங்கிட்ட சத்தியம் வாங்கிண்டா, "என்னை மட்டும் அப்படிக் கொண்டு வரக் கூடாது. என் புடவையோட, என் கூடத்துல கிடத்தணும்"னு.

— எப்ப சொன்னது சார் அது?

— அப்போ சின்மயி கைக்குழந்தை. அதுக்கப்புறம் வருஷா வருஷம் ஞாபகப்படுத்துவா. ஏன் சிட்டிபாபு, உங்க டாக்ஸி ஸ்டாண்டுல எப்படி? சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். போற வழியில வண்டியில ஒருத்தருக்கு ஏதாவது ஆயிடுத்துன்னா, நீங்கள்லாம் என்ன பண்ணுவேள்?

— எறக்கி வுட்டுருவாங்க சார். பொய் சொல்லக் கூடாது. எங்க கேம்ப் ரோடு ஸ்டாண்டுல டேனியல்னு ஒருத்தன், தெரியாம ஒரு சீக்காளிய ஏத்திகினு வந்துட்டான். சீட்டுல வெச்சே உயிரு போயிடுச்சு. அத்தோட அந்த வண்டியில கல்யாணத்துக்கு, சீமந்தத்துக்கு ஒருத்தரும் ஏறல. கழுவினான், ஜெபம் பண்ணான், ஒன்னும் வேலைக்காவல. வித்துட்டுப் போயிட்டான். அதான் பயந்துகினு நேரா போலீசு, ஜிஹெச்சுன்னு போயி வுட்டுருவாங்க.

— ஓ.

— நல்லா சாய்ஞ்சு உக்காருங்க சார். கை மரத்துப் போச்சுன்னா மாத்திப் புடிச்சுக்குங்க.

— என் கைக்கு ஒண்ணுமில்லை. ஏன் வண்டி நின்னுடுத்து?

— பெருங்களத்தூரு சார். பாருங்க, கண்ணுக்கு எட்டுன வரிக்கும் பஸ்ஸுதான். மூட்டையும் கரும்புமா எறங்கிகினு கீறாங்க. போலீஸ்காரரு ஒருத்தர் வராரு. நீங்க ஒன்னும் பேசாதீங்க, நான் பேசிக்கிறேன்.

— எதுக்கு வரார்?

— ஏய், கண்ணாடிய இறக்குப்பா. ஆம்புலன்ஸ் வருது, லெஃப்ட்ல ஒதுங்கு. யாரு பின்னாடி? அந்தம்மாவுக்கு என்ன?

— ஒன்னுமில்ல சார். மலையில வளைஞ்சு வளைஞ்சு வந்தது ஒத்துக்கல. வாந்தி மாத்தர போட்டுத் தூங்குறாங்க. பக்கத்துல அவங்க வூட்டுக்காரரு. இதோ சிட்லபாக்கந்தான், கொஞ்சம் வழி வுட்டீங்கன்னா பாலம் ஏறிப் போயிடுவேன்.

— பெரியவரே, அவங்களை நல்லா பிடிச்சுக்குங்க, தலை தொங்குது. சரி, போ போ. பாலத்து மேல ஏறு.

— தேங்க்ஸ் சார்.

— சிட்டிபாபு.

— சொல்லுங்க சார்.

— மாத்திரைன்னு நான் உங்கிட்ட சொல்லவே இல்லையே.

— வாயில வந்திச்சு, சொல்லிட்டேன். அந்தாள் கையில மாட்டினா லேட்டாவும் சார்.

— ஆமாம். லேட்டாகும்.

— பாலம் ஏறிட்டோம். கேம்ப் ரோடு வழியா போவல சார். அங்க என் ஸ்டாண்டு பசங்க நிப்பானுங்க, வண்டிய மறிச்சு கத பேசுவானுங்க. சானடோரியம் பக்கமா சுத்திகினு ஏரி வழியா வந்துடறேன். மேடு பள்ளத்துல மெதுவா போறேன், நீங்க புடிச்சுக்குங்க.

— ஏரி தெரியறது, வேதா. வந்துட்டோம் பார். பிள்ளையார் கோயில் வந்துடுத்து.

— வந்தாச்சு சார். தெருவுல யாருமில்ல. கேட்டு வரிக்கும் ரிவர்ஸ்ல வுட்டுட்டேன்.

— நல்லதாப் போச்சு. நீ ஒண்ணு பண்ணு. பெட்டியை எடுத்து உள்ள வெச்சுட்டு நீ கிளம்பு. நான் இவளை மெதுவா எழுப்பி, கையைப் பிடிச்சு அழைச்சுண்டு வந்துடறேன்.

— உங்களால முடியாது சார்.

— ஏன் முடியாது. இத்தனை வருஷம் நான்தானே பிடிச்சுண்டு நடக்கறேன். நீ போ. உனக்கு வண்டி இருக்கு, சவாரி இருக்கு. நீ இங்க நிக்கக் கூடாது, சொன்னாக் கேளு.

— சார், கைய வுடுங்க. வுடுங்க, நான் பார்த்துக்கிறேன். அந்த கேம்ப்புப் போர்வையில சுத்தி நான் அம்மாவ தூக்கினு வரேன். நீங்க சாவிய எடுத்துகினு முன்னால போயி, கூடத்துல பாய விரிச்சு, தலமாட்டுக்கு ஒரு வெளக்க ஏத்துங்க.