அரைப்பிடியில் நின்ற கதவு

உங்கள் அறைக் கதவு அடியில் உரசுகிறது, ஐயா. மேல் கீலில் ஒரு திருகு தளர்ந்திருக்கிறது, அதை இறுக்கினால் போதும். நீங்கள் தினமும் தோளால் இடித்துத் திறந்து பழகிவிட்டீர்கள். குறையாகச் சொல்லவில்லை. பெரும்பாலானவர்கள் அப்படித்தான். கதவு என்றால் திறக்க வேண்டும், மூட வேண்டும். அதற்குமேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

பழைய லாரிகளின் கேபின் வேலையில்தான் என் ஆயுள் போயிருக்கிறது. துருப்பிடித்த இடத்தை வெட்டி எடுத்து, புதுத் தகரம் வைத்து ஒட்டி, கதவையும் மற்றத் தகடுகளையும் நேராக நிறுத்துவது. வெட்டி ஒட்டுவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். என் தம்பிகூடச் செய்கிறான். நேராக நிறுத்துவதுதான் வேலை. கதவைச் சுற்றி ஓடும் சந்து எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். கேபினின் இடுப்பில் ஓடும் மடிப்புக் கோடு கதவில் ஏறி மறுபக்கம் இறங்கும்போது கண் எங்கும் தடுக்கக் கூடாது. இது கைப்பழக்கத்தில் வருவதில்லை. கண் வேண்டும். எங்கள் பட்டறையில் அது எனக்கு மட்டும்தான் இருந்தது.

பட்டறை அப்பா விட்டுப்போனது, எனக்கும் தம்பிக்கும் பொது. என்னைப் பெரியவர் என்பார்கள், அவனைச் சின்னவர். வண்டியை நிறுத்தியதும் எல்லோரும் முதலில் கேட்பது, "சின்னவர் இருக்காரா?" நான் அவர்கள் மூக்குக்கு நேரே நின்றுகொண்டிருப்பேன். அவனிடம் அப்படி என்ன இருக்கிறது? சிரிப்பான். தோளில் கை போடுவான். யாரோ ஒரு டிரைவரின் மாமியாருக்கு மூட்டுவலி தேவலையா என்று விசாரிப்பான். வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பாதி நாளைப் பேசியே ஓட்டுவான். அவன் வைத்த வெல்டிங் புழு ஊர்ந்த தடம் போல இருக்கும். அதை நான் தேய்த்து, பட்டி பூசி, மனிதர் பார்க்கிற மாதிரி ஆக்குவேன். வண்டியை எடுத்துப் போகிறவன் கட்டிப்பிடிப்பது அவனை.

பாட்டுக்காரர் என்பது வண்டி வேலைக்கு வந்த ஒருவருக்குத் தம்பி வைத்த பெயர். எப்போதும் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே வருவார், சுருதி சேராது. சொந்த லாரி. கால்மிதியைத் தூக்கினால் கீழே தரை தெரிந்தது. டிரைவர் பக்கத்துக் கதவுத் தூணின் அடி, விரலால் தொட்டால் பொடியாக உதிர்ந்தது. கழுவித் துடைக்காதவன் வண்டி அப்படித்தான் ஆகும். இன்னொன்றும் பார்த்தேன். இருக்கையின் பஞ்சு கதவோரமாக மட்டும் அமுங்கிப் போயிருந்தது. கதவின் உள்தகட்டில் ஓரிடம் தோள் பட்டுப் பட்டுத் தேய்ந்து பளபளத்தது. முழங்கையை ஜன்னலில் ஊன்றி, மொத்த உடம்பையும் கதவில் சாய்த்து ஓட்டுகிற ஆள். உடம்பை நிமிர்த்தி உட்காரக்கூட சோம்பல்.

தூணை வெட்டுவதற்கு முன்னால் கதவு வாயில் குறுக்கே கம்பி வைத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வெட்டியதும் கேபின் தன் பாரத்திலேயே தொய்ந்துவிடும். தம்பி வைக்கவில்லை. பேச்சு சுவாரசியத்தில் மறந்துவிட்டானாம். புதுத் தகரத்தைத் தற்காலிகமாகப் புள்ளி புள்ளியாக வெல்டிங் வைத்து நிறுத்திவிட்டு, கதவை மாட்டினால் மூடவில்லை. பின்மூலை போய்த் தட்டுகிறது. இழுக்கிறான், தூக்குகிறான், முட்டியால் இடிக்கிறான். சுற்றி ஒரு கூட்டமே நிற்கிறது. பாட்டுக்காரரின் மனைவியும் மகளும் வண்டி பார்க்க வந்திருந்தார்கள். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த என் மனைவியும் நின்றாள்.

"அண்ணா, நீயே வா. உன் கண்ணுக்குத்தான் இது அடங்கும்" என்றான் தம்பி.

நான் குனிந்து சந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டுக்காரர் சொன்னார்: "பெரியவரே, நீங்க இப்படி மொறச்சா அது எப்படி மூடும்? பயந்துபோய் நிக்குது. ஒரு தடவ சிரிச்சுக் காட்டுங்க, தானா மூடிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். தம்பி தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். என் மனைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

உங்கள் பேனா இங்கே வேகமெடுக்கிறது. அதற்காக இல்லை, ஐயா. நான் அவ்வளவு சின்னப் புத்திக்காரன் அல்ல. சிரித்தவர்கள் யாருக்கும் ஒரு நேர்கோடு எது, கோணல் எது என்று தெரியாது. அவர்கள் சிரிப்பை நான் எதற்கு மதிக்க வேண்டும்?

தம்பியிடம், "நீ போ. மீதிய நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"தூண்ல இன்னும் புள்ளிதான்ணா வெச்சிருக்கேன். கதவு உக்காந்ததும் ஒரு குரல் குடு, முழுசா வெல்டிங் ஓட்டிடறேன்."

"சொல்றேன்."

பிறகு நான் செய்த வேலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தொய்ந்த கேபினை ஜாக்கி வைத்து மயிரிழை மயிரிழையாகத் தூக்கினேன். கீலுக்கடியில் மெல்லிய தகடு வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். கதவின் கீழ்விளிம்பை மரச்சுத்தியலால் தட்டித் தட்டி வளைத்தேன். மடிப்புக் கோடு நூல் பிடித்த மாதிரி வந்தது. அந்த லாரி புதிதாக வந்த நாளில்கூட அவ்வளவு நேராக இருந்திருக்காது.

லாக் மட்டும் பாக்கி. கதவு லாக்குக்கு இரண்டு பிடி உண்டு. முதலில் அரைப்பிடி, இன்னும் அழுத்தினால் முழுப்பிடி. அரைப்பிடியில் நின்றால் கதவு கொஞ்சம் வெளியே துருத்தும், யாராவது பார்த்து "கதவு சரியா மூடல" என்று கத்துவார்கள். லாக் வந்து கவ்வுகிற லாக் தகட்டை நான் உள்ளே தள்ளி முடுக்கினேன். இப்போது அரைப்பிடியிலேயே கதவு கோட்டோடு கோடாக உட்கார்ந்தது. அதற்குமேல் அழுத்த கதவோரத்து ரப்பர் விடாது. வெளியிலிருந்து பார்த்தால் அதைவிட நன்றாக மூடிய கதவு உலகத்தில் கிடையாது. உள்ளேயிருந்து ஒரு கனமான ஆள் வளைவில் தோளைச் சாய்த்தால் போதும்.

தூணில் இருந்த புள்ளிகளைத் தேய்த்து மட்டமாக்கி, பட்டி பூசி, பெயிண்ட் அடித்தேன். தம்பியைக் கூப்பிடவில்லை.

"தூணு என்னாச்சுண்ணா?" என்று அவனே வந்து கேட்டான்.

"முடிச்சாச்சு."

"நீயே ஓட்டிட்டியா? நல்லதாப் போச்சு" என்று சொல்லி, என் முதுகில் தட்டிவிட்டுப் போனான். தூணைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இப்படிப்பட்டவனைத்தான் எல்லோரும் கேட்டு வருகிறார்கள்.

வண்டி எடுக்கிற அன்று பாட்டுக்காரர் கதவைச் சாத்திப் பார்த்தார். கனமாக, ஒரே சத்தம். "புது வண்டி மாதிரி இருக்கே" என்று மறுபடி மறுபடி சாத்தினார். மகள் ஹார்ன் அடிக்க வேண்டுமென்று அவர் மடியில் ஏறிக் கதவில் சாய்ந்து உட்கார்ந்தாள். அடித்து முடித்ததும் அவளை அம்மா பக்கம் தள்ளி உட்காரவைத்தார். பிறகு ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெரியவரே, அன்னிக்கு நான் வெளையாட்டாச் சொன்னது. மனசுல வெச்சுக்காதீங்க. உங்க கை மாதிரி யாருக்கு வரும்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன்.

ஸ்பேனர் என் சட்டைப் பையில்தான் இருந்தது. கதவை நானே இன்னொரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு நகர்ந்தேன்.

பட்டறையைத் தாண்டிய முதல் இறக்கத்தில், வளைவில், கதவு திறந்துகொண்டது. அவர் வெளியே விழுந்து தன் வண்டியின் பின்சக்கரத்திலேயே போனார். அவர் பாரத்தில் விரிந்த கதவு தூணைப் பிய்த்துக்கொண்டு பள்ளத்தில் கிடந்தது. ஓட்ட ஆளில்லாத லாரி ஒரு மதிலில் போய் நின்றது. மனைவிக்குப் பெரிய அடி இல்லை. மகளுக்கு ஒரு கால் இனி மடங்காது என்கிறார்கள். அவள் உள்ளே இருந்ததற்கு நான் பொறுப்பில்லை. சவாரிக்குக் குடும்பத்தைக் கூட்டிப்போவது அவர் பழக்கம்.

சோதிக்க வந்த அதிகாரி பிய்ந்த வெல்டிங்கைப் பார்த்ததும் நிமிர்ந்துவிட்டார். லாக் பக்கம் போகவே இல்லை. வேலை கெட்டது, கதவு சரியாகப் பொருத்தப்படவில்லை என்று எழுதினார். அந்த வாக்கியத்தை என் முன்னால் வாசித்தார்கள். சரியாகப் பொருத்தப்படவில்லையாம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது தம்பி எழுந்தான். "வெல்டிங்கும் நான்தான், கதவ மாட்டினதும் நான்தான். அண்ணன் அந்த வண்டியத் தொடவே இல்ல" என்றான். நீங்களும் அவனைக் கொண்டுபோய் உள்ளே வைத்தீர்கள்.

அவன் உள்ளே போனால் பட்டறையில் என் பெயர் நிற்கும் என்று நினைத்திருந்தேன், மறைக்கவில்லை. ஆனால் வருகிறவன் போகிறவன் எல்லாம், "பாவம் சின்னவர், கை தவறிடுச்சு" என்று உருகுகிறான். பாட்டுக்காரரின் மனைவிகூட, "அவரு வேணும்னு செய்வாரா? அவர விட்டுடுங்க" என்று உங்கள் ஆட்களிடமே வந்து கேட்டாளாம். என் மனைவி சிறைக்குச் சாப்பாடு கட்டுகிறாள். எனக்குப் போட்டுவிட்டுத் தட்டை நகர்த்துகிற சத்தமே வேறு மாதிரி இருக்கிறது.

நேற்று அவனைப் பார்க்கப் போனேன். இளைத்திருந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, யாருக்கும் கேட்காதபடி சொன்னான்: "அண்ணா, விழுந்த அன்னிக்கு முதல்ல ஓடினது நான்தான். லாக் தகடு உள்ள தள்ளியிருந்துச்சு. நான் பாத்தேன்."

நான் கம்பியில் இருந்த வெல்டிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரும் வர்றதுக்கு முன்னாடி அதக் கழட்டித் தூக்கிப் போட்டுட்டேன். உனக்கு என்ன கஷ்டமோ, எனக்குத் தெரியல. நான் சிரிச்சிருக்கக் கூடாது. நீ வீட்டப் பாத்துக்கோ. அந்தப் புள்ளையோட ஆஸ்பத்திரிக்கு அப்பப்ப போய்ட்டு வா."

கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஆயுளில் முதல் தடவையாக ஒன்றைச் சரியாகப் பார்த்திருக்கிறான். பார்த்ததை என்ன செய்தான் பாருங்கள். தூக்கி எறிந்துவிட்டு, என் வேலையைத் தன் பெயரில் எழுதிக்கொண்டு, உள்ளே உட்கார்ந்து நல்லவனாகிக்கொண்டிருக்கிறான். வெளியே இருந்தபோது அவனை நாலு பேருக்குப் பிடித்தது. இப்போது ஊருக்கே பிடிக்கிறது.

அதனால்தான் வந்தேன். அந்தக் கதவை மாட்டியது நான். லாக் தகட்டைத் தள்ளியது நான். தூண் வெல்டிங்கை வேண்டுமென்றே முடிக்காமல் விட்டது நான். பாட்டுக்காரரைக் கொன்றது நான். அவனுக்கு இதில் பங்கு இல்லை, கடுகளவும் இல்லை. கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள், போடுகிறேன்.

காரணம் என்ற இடத்தில் பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. அவனிடம் பொறாமைப்பட என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.