நெட்டுக்குப்பத்தில் ஜோடி ஆட்டம்

கேரம் போர்டில் தூவும் பவுடர் ஏன் வழுக்குகிறது என்று நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள், மேடம். அது முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சின்னத் தகடுகள். ஒன்றின்மேல் ஒன்று சறுக்கும். ஈரம் பட்டால் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் நெட்டுக்குப்பம் மன்றத்தில் ஆட்டம் இல்லாதபோதும் போர்டுக்கு மேலே குண்டு பல்பு எரியும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழிமுகம். அந்தச் சூடு இல்லையென்றால் பலகை ஊறிவிடும்.

மீனவன் ஜெகதீசன் இறந்ததை விபத்து என்று எஃப்.ஐ.ஆரில் எழுதியிருக்கிறீர்கள். காரணம் தவறாக இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. திருத்தத்தான் வந்தேன்.

நான் உளவியல் பேராசிரியர். ஓய்வும் விளையாட்டும் மனநலத்தை எப்படிக் காக்கின்றன என்பது என் ஆய்வு. கழிமுகத்தில் மீன்பாடு குறைந்த பிறகும் அந்த மன்றத்துக்கு வருகிறவர்கள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் விளையாடுவதால் மனம் நன்றாக இருக்கிறதா, மனம் நன்றாக இருப்பவன் விளையாட வருகிறானா? விசிறி எந்த ஒயரால் ஓடுகிறது என்று தெரிய வேண்டுமானால் ஒரு ஒயரைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

மன்றத்தைப் பூட்டச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. அதனால் உப்பை மாவாக அரைத்துப் பவுடர் டப்பாவில் கலந்தேன். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஆட்டம் கெடும், ஆட்கள் சலித்துப் போவார்கள், அவர்கள் மனநிலையை நான் அளந்துகொள்வேன். திட்டம் அவ்வளவுதான்.

நான் எதிர்பார்க்காதது ஒன்று. மீனவர்கள் எதையும் நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள்.

"இன்னா ஜெகா, ஸ்ட்ரைக்கரு நவுரவே மாட்டேங்குது. இது போர்டா, தார் ரோடா?" என்று அவனுடைய ஆட்ட ஜோடி வெற்றி சிரித்தான். பிறகு விரலைத் தேய்த்து நக்கினான். சிரிப்பு நின்றது. "உப்பு கரிக்குது. பவுடரு உன் வூட்ல காயவெச்சதுதான? உன் பொஞ்சாதி கருவாட்டுக்குப் போடுற உப்புதான மாமு இது?"

"யம்மா சத்தியமா எனக்குத் தெரியாதுடா."

"காசிமேட்டானுங்க கைல ஆட்டத்த வித்துட்டியா? த்தூ. கலீஜ் புடிச்சவனே."

மறுவாரம் காசிமேட்டு அணியோடு போட்டி இருந்தது. பவுடரைக் காயவைத்துச் சலித்துக் கொண்டுவருவது ஜெகதீசன்தான். சந்தேகம் சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது. அவன் என் பக்கம் திரும்பினான்.

"சாரே, நீ தெனம் இங்கதான குந்திகினு கீற. நான் அப்பிடிப்பட்ட ஆளா? நீயே சொல்லு."

ஆய்வாளன் குறுக்கிடக் கூடாது என்பது அடிப்படை விதி. "நான் வெறும் பார்வையாளன்" என்றேன்.

"இனிமே உன் போட்டுல எவன் ஏறுவான்னு பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு வெற்றி வெளியே போனான்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு, மேடம். போர்டில் யார் ஜோடியோ, கடலுக்குப் போகும் போட்டிலும் அவர்களே ஜோடி. காரணம் அழகானது. ஜோடி ஆட்டத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள், பேசக் கூடாது. முகத்தைப் பார்த்தே அவன் எந்தக் காயை அடிப்பான் என்று இவன் அறிவான். கழிமுகத்தைத் தாண்டும்போதும் அப்படித்தான். எஞ்சின் சத்தத்தில் பேச்சு கேட்காது. முன்னால் இருப்பவன் அலையைப் பார்த்துக் கையைத் தூக்குவான், பின்னால் இருப்பவன் திருப்புவான். இந்த வழக்கத்தை முதன்முதலில் விளக்கியவன் நான்தான். ஆகவே, ஜோடி உடைந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

அதன்பின் ஜெகதீசன் மன்றத்துக்கு வரவில்லை; மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். அவன் மனைவி நர்மதா ஒரு நாள் என்னை வழிமறித்தாள்.

"சாரு, வெற்றி அண்ணன் நீ சொன்னா கேக்கும். ஒரே ஒரு வார்த்த சொல்லு. இந்தாளு சோறு துன்னாம மொவத்தத் தொங்கப்போட்டுகினு கீது. தனியா போட்ட எடுக்கறேன்னுது."

"இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்" என்றேன்.

"அதுக்குள்ள இன்னாவும்?"

"அதைத்தான் நானும் பார்க்கிறேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயெல்லாம் ஒரு மன்சனா?" என்றாள். அது பதில் எதிர்பார்க்கும் கேள்வி அல்ல என்பதால் நகர்ந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, காலையில், ஜெகதீசன் தனியாகப் போட்டைத் தள்ளினான். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிரவில்லை. வெற்றி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். நான் ஜெகதீசனுக்கு அருகில்தான் நின்றேன், கூப்பிட்டால் கேட்கும் தூரம். "உப்பைப் போட்டது நான்" என்று சொல்லியிருந்தால் வெற்றியே ஓடிப்போய் அதில் ஏறியிருப்பான். ஆனால் அதுவரை சேர்த்த முடிவுகள் பாழாகியிருக்கும்.

முகத்துவாரத்தில் அவன் ஒரு முறை முன்பக்கம் பார்த்தான், கை தூக்க ஆள் இல்லாத அந்த இடத்தை. பழக்கம். அந்த நேரத்தில் அலை பக்கவாட்டில் வந்தது. அடிப்பாகம் தட்டையான ஃபைபர் போட்டை அலை அப்படி அடித்தால் அது கவிழ்ந்துவிடும். வேறு விதமாக நடக்க வழியில்லை.

ஆக, உப்பைப் போட்டவன் நான். கேட்டபோது வாய் திறக்காதவனும் நான். அவன் தனியாகப் போவதைப் பார்த்து நின்றவனும் நானே. எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தையும் சேர்த்து எழுத வேண்டும். அடக்கம் முடிந்த அன்றே உப்பு டப்பாவை எடுத்துவிட்டுப் புதுப் பவுடர் வாங்கி வைத்துவிட்டேன். பல்பையும் மாற்றினேன். கழற்றிய ஒயரைத் திரும்ப மாட்டியாயிற்று. போர்டு இப்போது கண்ணாடி மாதிரி வழுக்குகிறது. விசாரணைக்கு நீங்கள் அந்தப் பக்கம் போவீர்கள்தானே, மேடம்? யாராவது மறுபடி விளையாட வந்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.