அழித்த இடம் தெரியாமல்

பனியன் வாங்குறவங்க யாரும் அதை உள்பக்கம் திருப்பிப் பாக்கிறதில்லீங்க சார். திருப்பிப் பாத்தாத்தான் எத்தனை நூலை வெட்டியிருக்காங்கன்னு தெரியும். எங்கம்மா சென்னம்மாள் வீரபாண்டியில ஒரு கம்பெனியில பிசிறு வெட்டுற வேலையிலதான் பாதி ஆயுசைக் கழிச்சுது. நானும் கிட்டத்தட்ட அதே வேலைதான். அம்மா துணியில வெட்டுச்சு, நான் சினிமாவுல வெட்டுனேன்.

கிராபிக்ஸ்னு சொன்னதும் எல்லாரும் பூதம், பறக்குற தேருன்னு நினைச்சுக்குவாங்க. என் வேலை அதில்லீங்க. கதாநாயகனைக் கயிறு கட்டி இழுப்பாங்க, நான் கயிறை எடுத்துருவேன். ராஜா காலத்துக் கதையில மூலையில ஒரு செல்போன் டவர் தெரியும், அதை எடுத்துட்டு வானத்தை வைப்பேன். சென்னையில பெரிய பெரிய படங்கள்ல செஞ்சிருக்கேன். நல்லா செஞ்சா ஒருத்தருக்கும் தெரியாது. யாருக்காவது தெரிஞ்சுதுன்னா நான் தப்புப் பண்ணியிருக்கேன்னு அர்த்தம்.

அம்மாவுக்கு மூட்டுவலி அதிகமானதும் ஊருக்கே வந்துட்டேன். அம்மா, நான், தங்கச்சி அனிதா, மூணு பேருதான் ஊட்டுல. அனிதா கதிர்வேல் கம்பெனியில செக்கிங் வேலைக்குப் போயிட்டு இருந்துச்சு. கதிர்வேல் யாருன்னு உங்களுக்குத் தெரியும். அப்பா சேத்து வச்ச எக்ஸ்போர்ட் கம்பெனி, தோட்டம் தொரவு எல்லாம் இருந்தும், மனுசனுக்கு சினிமா எடுக்கணும்னு ஆசை. கம்பெனியோட மேல்மாடியிலேயே கம்ப்யூட்டரெல்லாம் போட்டு என்னை உக்கார வச்சாரு. கம்பெனிக்குக் கேமரா மாட்டுனதும் நான்தான், அதை மனசுல வச்சுக்கங்க.

அவரோட படத்துல நொய்யல் ஆத்துக்குள்ள இருந்து அஞ்சு தலை நாகம் எந்திரிச்சு, அநியாயக்கார முதலாளியோட குடோன் மேல நெருப்பைக் கக்கும். நாகத்தை நான் கம்ப்யூட்டர்ல செய்யணும். உள்ள தீப்பிடிச்சுப் பொண்ணுங்க ஓடி வர்ற காட்சியை மட்டும் நிஜத் தீயிலேயே எடுக்கலாம்னாரு.

நான் சொல்லிப் பாத்தேனுங்க. "அண்ணா, தீயையும் நானே போட்டுத் தர்றேன். பொண்ணுங்க சும்மா ஓடி வந்தாப் போதும். பாக்குறவங்களுக்கு வித்தியாசமே தெரியாதுங்க."

அவர் சிரிச்சாரு. "வித்தியாசம் தெரியலைன்னா அதுக்கு எதுக்கு சசி கிராபிக்ஸ்? உன் நாளையெல்லாம் பாம்புக்குப் போடு. பாம்பைப் பாத்துட்டு ஜனம் வாயப் பொளக்கணும். தீக்கு ஒரு தீக்குச்சி போதும்."

சேவூர்ப் பக்கம் ஒரு பழைய குடோன்ல கட்டிங் வேஸ்ட்டைக் கொட்டி வச்சு எடுத்தாங்க. ஓடுறதுக்குக் கம்பெனிப் பொண்ணுங்களையே கூட்டிட்டுப் போனாரு. அனிதாவுக்கு ஒரே சந்தோசம். புதுச் சுடிதாரைப் போட்டா அழுக்காயிரும்னு பழசைப் போட்டுட்டு, பூ மட்டும் புதுசா வச்சுட்டுப் போச்சு. நான் போகலீங்க. பாம்போட மூணாவது தலைக்குச் செதில் போட்டுட்டு இருந்தேன்.

துணிக்கழிவு எப்படிப் பத்தும்னு இந்த ஊருல பொறந்தவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காத்து வேற திரும்பிருச்சு. மத்த பொண்ணுங்க வெளிய வந்துட்டாங்க. அனிதாவோட துப்பட்டா ஒரு இரும்பு ரேக்குல மாட்டிக்கிச்சு. அதை எடுக்கத் திரும்புச்சு, அவ்வளவுதான். எல்லாரும் நின்னு பாத்துட்டு இருக்க, சூப்பர்வைசர் மாரிச்செல்வம் மட்டும் சாக்கைத் தலையில போத்திட்டு உள்ள போனாரு. கோவில்பட்டிப் பக்கத்து ஆளு. அனிதாவைத் தூக்கிட்டு வந்தப்போ அவரோட ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் வெந்து போயிருந்துச்சு. அனிதா கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில சில நாள் கிடந்துட்டுப் போயிருச்சு. கழிவு குடோன்ல தீ விபத்துன்னு கதிர்வேல் சொன்னாரு. சினிமான்னு யாரும் வாயைத் திறக்கலை. அப்படியே முடிஞ்சுது.

காரியமெல்லாம் முடிஞ்ச பின்னால கதிர்வேல் என்னைக் கூப்பிட்டு அந்த ஷாட்டைப் போட்டுக் காட்டுனாரு. "இந்த மாதிரித் தீ இனி யாருக்கும் அமையாது. பின்னால அது ஒண்ணு தெரியுது பாரு, அதை மட்டும் எடுத்துரு கண்ணு"ன்னாரு.

எடுத்தேனுங்க. எப்படிச் செஞ்சேன்னு கேக்குறீங்க. வேற யார் கிட்டயாவது கொடுத்திருந்தா ஓரத்துல ஒரு கை, ஒரு விரல்னு விட்டிருப்பாங்க. என் தங்கச்சியை அரைகுறையா விட எனக்கு மனசு வரலை. ஒவ்வொரு ஃப்ரேமா உக்காந்து, அது திரும்புறது, கையைத் தூக்குறது, வாயைத் திறக்குறது எல்லாத்துக்கும் மேல புகையை வச்சேன். பக்கத்துல இருந்த புகையிலேயே எடுத்து வச்சதால ஒட்டு தெரியலை. நான் செஞ்ச வேலையிலேயே சுத்தமான வேலை அதுதான்.

படம் வந்தப்போ அம்மா பாக்கணும்னுச்சு. கூட்டிட்டுப் போனேன். நாகம் வந்ததும் தியேட்டரே சிரிச்சுது. ஒருத்தன் மகுடி ஊதுற மாதிரி சத்தம் போட்டான். தீ வந்ததும் அடங்கிட்டாங்க. பின் சீட்டுல ஒரு பையன், "பாம்பு கேவலம்டா, ஆனா தீ கிராபிக்ஸ் சூப்பர்"னு சொன்னான். அம்மா என் காதுக்கிட்ட வந்து, "நம்ம அனிதா வரவே இல்லையே சாமி? நடிச்சேன்னு சொல்லுச்சே"ன்னு கேட்டுது.

"வெட்டிட்டாங்கம்மா"ன்னேன்.

அப்ப எனக்குக் கோபமெல்லாம் வரலீங்க. கோபப்படுறவங்க சத்தம் போட்டு மாட்டிக்குவாங்க. நான் வழக்கம்போல வேலைக்குப் போனேன். கதிர்வேல் அடுத்த படத்தைப் பத்திப் பேசுனாரு. ஜனத்துக்குத் தீ பிடிச்சிருக்கு, இந்தத் தடவை இதை விடப் பெரிய தீயா வைக்கலாம்னாரு. சரிங்கண்ணான்னேன். அன்னைக்கு மத்தியானமே மாரிச்செல்வத்துக்கிட்டப் போய், "மறுபடியும் பொண்ணுங்களை வச்சு நிஜத் தீயிலதான் எடுக்கப் போறாராம்"னு சொன்னேன். அவர் சும்மா இருக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியும்.

அவர் நேரா மேல வந்தாரு. தழும்பு விழுந்த கையைக் கதிர்வேல் முகத்துக்கு நேரா நீட்டி, "ஒரு பிள்ளைய எரிச்சது பத்தலையா உங்களுக்கு? இன்னொருக்கா தீயை வச்சீங்கன்னா நான் உங்கள உயிரோட விடமாட்டேன், ஆமா"ன்னாரு. தையல் மெஷினெல்லாம் நின்னுருச்சு. அத்தனை பேரும் கேட்டாங்க. எனக்கு அதுதான் வேணும்.

மேல்மாடியில சரக்கு லிஃப்ட் பழுதாகிக் கிடந்துச்சு. கதவைக் கழட்டிட்டுக் குறுக்க ஒரு பலகைதான் வச்சிருந்தாங்க. அங்க காத்து வரும், போன்ல சிக்னலும் நல்லா கிடைக்கும். சாப்பாட்டு நேரத்துல கதிர்வேல் அங்க நின்னுதான் பேசுவாரு. சண்டை நடந்த ரெண்டாம் நாள் நான் பின்னால போய் அவர் முதுகுல கையை வச்சேன். தள்ளுனேன்னு சொல்றதுகூடப் பெரிய வார்த்தைங்க. பலகை மக்கிப் போனது. அவர் திரும்பிப் பாக்கக்கூட இல்லை. அது ஒண்ணுதான் எனக்குக் குறை.

நான் என் அறைக்குத் திரும்பிட்டேன். சத்தம் கேட்டு மாரிச்செல்வம் படியேறி ஓடி வந்தாரு. லிஃப்ட் குழியை எட்டிப் பாத்தாரு. தலையில அடிச்சுக்கிட்டு ஆளைக் கூப்பிடக் கீழ ஓடுனாரு. லிஃப்ட் வாசல் கேமராவுல விழாது, ஆனா அதுக்குப் போற வழியில யார் போனது, யார் வந்ததுன்னு எல்லாம் இருந்துச்சு. ரெக்கார்டர் மக்கர் பண்ணுது, காப்பி எடுத்துத் தர்றேன்னு அப்ப இருந்த இன்ஸ்பெக்டர்கிட்டச் சொன்னேன். அவரும் சரின்னுட்டாரு.

நான் ஒண்ணையும் புதுசாச் சேக்கலை சார், அதை எழுதிக்கங்க. என்னை எடுத்தேன். கதிர்வேல் விழுந்ததுக்கும் மாரிச்செல்வம் வந்ததுக்கும் நடுவுல இருந்த நேரத்தை எடுத்தேன். ஓரத்துல ஓடுற கடிகாரத்துல மட்டும் சில எண்ணை மாத்த வேண்டி வந்துச்சு. மிச்சமெல்லாம் நடந்ததுதான். கதிர்வேல் போறாரு, பின்னாலேயே மாரிச்செல்வம் போறாரு, மாரிச்செல்வம் மட்டும் ஓடி வர்றாரு. பழைய ரெக்கார்டரை நொறுக்கிக் காதர்பேட்டைப் பக்கம் ஒரு குப்பைமேட்டுல போட்டேன். இன்ஸ்பெக்டர் என் தோளைத் தட்டி நன்றி சொன்னாரு.

மாரிச்செல்வம் மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனா அந்த இடத்துல ஒரு ஆள் இருந்தாகணும். ஆளில்லாத இடத்தைத்தான் கண்ணு தேடும், அது தொழில் ரகசியம். இன்னொண்ணும் நினைச்சதுண்டு. அவர் தூக்கிட்டு வராம இருந்திருந்தா அனிதா அத்தனை நாள் ஆஸ்பத்திரியில துடிச்சிருக்காது. அதையும் கணக்குல வச்சுக்கிட்டேன்.

அவர் சம்சாரம் ஜெயசுதா ஒரு தடவை ஊட்டுக்கு வந்துச்சுங்க. வக்கீல் கொடுத்த வீடியோவைப் போன்ல வச்சிருந்துச்சு. "அண்ணே, நீங்க இந்த வேலை தெரிஞ்சவுக. அவுக அப்படிச் செய்யக்கூடிய ஆளு இல்ல. இதுல ஏதாச்சும் தில்லுமுல்லு இருக்கான்னு பாத்துச் சொல்லுங்கண்ணே"ன்னு அழுதுச்சு. அம்மா தண்ணி கொண்டாந்து கொடுத்துச்சு. நான் முழுசாப் பாத்தேன். திரும்பவும் ஒருக்காப் பாத்தேன். சின்னப் போன்லகூட ஒரு குத்தம் கண்டுபிடிக்க முடியலை. "எல்லாம் சரியாத்தான் இருக்குதும்மா"ன்னேன். அந்தப் பொண்ணு கும்பிட்டுட்டுப் போச்சு.

கோர்ட்டுலயும் அதைப் போட்டாங்க. நான் பின்வரிசையில உக்காந்து எல்லார் முகத்தையும் பாத்துட்டு இருந்தேன். ஒரு புருவம்கூட உயரலை. ஆயுள் தண்டனை. போன வாரம் ஜெயிலுக்குள்ளேயே மாரிச்செல்வத்துக்கு நெஞ்சுவலி வந்து போயிட்டாருன்னு கேள்விப்பட்டேன். உடம்பை எடுத்துட்டுப் போற வண்டியில ஜெயசுதா அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்துச்சாம்.

ஏன் இத்தனை நாள் கழிச்சு வந்தேன்னு கேட்டீங்க. அனிதாவுக்காகத்தானுங்க. செத்தவருக்கும் அவர் சம்சாரத்துக்கும் நியாயம் கிடைக்கணும். மனசாட்சி உறுத்துது. பேருக்காகவோ பெருமைக்காகவோ வர்ற ஆள் நான் இல்லை.

நான் சொல்றதை நீங்க நம்பலைன்னு தெரியுது. நம்ப வேண்டாங்க. ரெக்கார்டரை நொறுக்குறதுக்கு முன்னாலயே அழிக்காத ஒரிஜினலை எடுத்து வச்சிருக்கேன், இந்தாங்க பென் டிரைவ். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஓட விடுங்க, நானே ஒவ்வொரு இடமா நிறுத்திக் காட்டுறேன். இந்த மானிட்டர் வேண்டாம் சார், ரொம்பச் சின்னது. புரொஜக்டர் இருந்தா வரச் சொல்லுங்க, வெளிய நிக்கிறவங்களையும் உள்ள கூப்பிடுங்க.