விசுவநாதனுக்கு ஒரு ஓட்டு

— பேரைச் சொல்லு குழலு. பேனாவைத் தொறந்து வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் உக்காருதது?

— ஒங்களுக்குத் தெரியாத பேரா டீச்சர்? நீங்களே எழுதிக்கிடுங்க.

— எனக்குத் தெரியும்ட்டி. ஆனா வீட்டு ஆளு வாயால சொல்லித்தான் எழுதணும்னு இந்தத் தடவை கண்டிச்சுச் சொல்லியிருக்காங்க. நாளைக்கு அதிகாரி வந்து ஒங்கிட்டயே கேப்பாரு.

— குழல்வாய்மொழின்னு எம்பேரைச் சொன்னேன்லா? அது போதாதா?

— கணவர் பேருன்னு ஒரு கட்டம் கெடக்கே, அதை என்ன செய்ய?

— சாரல் உள்ள அடிக்கு. நாற்காலியை இங்கன இழுத்துப் போடுங்க. காப்பி கொண்டாரேன்.

— காப்பி ரெண்டு குடிச்சாச்சு. பேச்சை மாத்தாத.

— அது என்ன டீச்சர், போன எலக்சனுக்குத்தான வந்து எழுதிட்டுப் போனீக? அது என்னாச்சு?

— அந்தத் தொகுதியே போயிட்டு. பார்லிமெண்டுக்குன்னு இருந்த எல்லையை எல்லாம் அழிச்சுப் புதுசா வரைஞ்சுட்டாங்க. கொஞ்சம் ஊரு அங்கிட்டு, கொஞ்சம் ஊரு இங்கிட்டு. பழைய பட்டியலைச் சரிபாத்து, இல்லாதவங்களை அடிச்சுட்டு, மத்ததைப் புதுசா எழுதணும்.

— அவுக இருந்திருந்தா தாலுகா ஆபீஸ் வாசல்ல போயிச் சத்தம் போட்டிருப்பாக. "எந்தொகுதி, எந்தொகுதி"ம்பாக. ஜெயிச்சு டெல்லிக்குப் போனது யாரோ. இவுக என்னமோ மாமனார் சீதனமாக் குடுத்த மாதிரி.

— நடந்த காலுக்குப் பாத்தியதை உண்டும்லா? செங்கோட்டைப் பக்கம் மலையாள ராஜ்யத்தை விட்டு நம்ம ராஜ்யத்தோட சேர்ந்ததும், இலத்தூர், அச்சன்புதூர், பண்பொழின்னு ஒரு தெரு விடாம அலைஞ்சாரே அண்ணாச்சி. மலையாளத்துல வேற நாலு வார்த்தை படிச்சுக்கிட்டு!

— "சேச்சி, வோட்டு"ம்பாக. அந்த ரெண்டுதான் தெரியும். மிச்சத்துக்குச் சிரிச்சே சமாளிப்பாக.

— அவரு வரியை இப்ப நான் அடிக்கணும் குழலு. போன ஐப்பசியில போனவரை இன்னும் வச்சிருக்க முடியாது.

— அடிச்சா, அவுக பேரு அதுல எங்கனயும் இருக்காதா?

— அதைத்தானே சொல்லவாரேன். ஒன் வரியில, கணவர் பேருங்கிற கட்டத்துல இருக்கும். நீ இருக்குத வரைக்கும் இருக்கும். ஆனா நீ சொல்லலைன்னா, பழசுல என்ன இருக்கோ அதைத்தான் பாத்து எழுதியாகணும்.

— பழசுல… விசுவநாதன்னுலா இருக்கு.

— ஆமா. விசுவநாதன்.

— அந்தப் பாவிப்பய!

— பயலை ஏன் ஏசுத? அவனைப் பெத்ததே நீதானே.

— நான் என்ன செய்ய டீச்சர்? மொத எலக்சனுக்கு எழுத வந்தவரு நடுவாசல்ல நின்னுக்கிட்டு, "புருசன் பேரு என்னம்மா?"ன்னாரு. கல்யாணமாகி அப்பத்தான் நாலாவது வருசம். கதவுக்குப் பின்னால நின்னு, "பெரிய கோயில் சாமி பேரு"ன்னேன். நான் திருப்புடைமருதூர்க்காரி. எனக்குப் பெரிய கோயில்னா எங்கூர் நாறு… அய்யோ, பேரு வாயில வந்துட்டு… எங்கூர்க் கோயில்தான்.

— அவரு தென்காசிக்காரரு. நிமிந்து பாத்தா இந்த ஊர்ப் பெரிய கோயில் மொட்டைக் கோபுரம். காசிவிசுவநாதர்! எழுதிட்டுப் போயிட்டாரு.

— அந்த வருசம் ரெண்டு மாசம் வீடு தங்கலை அவுக. எந்தப் பெட்டி யாருக்கு, சீட்டை எப்படி மடிச்சுப் போடணும்னு ஊருக்கே சொல்லிக் குடுத்துட்டு, வெளுத்த வேட்டி கட்டி வரிசையில நிக்காக. "ஒம்ம பேரு இல்ல, விசுவநாதன்னு ஒருத்தருதான் அந்த வீட்டுல"ன்னுட்டாங்க.

— அங்கன இருந்து அண்ணாச்சி வீட்டுக்கும் வரலையாம்லா.

— நேராக் குத்தாலத்துக்குப் போயி, இருட்டுத வரைக்கும் அருவியில நின்னுட்டு வந்தாக. நான் அடுப்படியில ஒடுங்கிப்போயி ஒக்காந்திருக்கேன். தலையைத் தொவட்டிக்கிட்டே வந்து, "ஏட்டி, ஒம்புருசன் விசுவநாதன் ஓட்டுப் போட்டுட்டானா?"ன்னு கேட்டாக. கேட்டுட்டு அவுகளே சிரிக்காக, சிரிக்காக, கண்ணுல தண்ணி வருத மட்டும் சிரிக்காக.

— அன்னையில இருந்துதானே வீட்டுல ரெண்டு ஆம்பளை?

— சீனி வாங்க மறந்தா, "விசுவநாதன்ட்டல்லா சொல்லிவிட்டேன்"ம்பாக. எனக்கும் வசதியாப் போச்சு. முன்னெல்லாம் கொல்லையில நிக்கவுகளைக் கூப்பிட, கரண்டியால சட்டியைத் தட்டுவேன். பொறவு "ஏ விசுவநாதா!"ன்னு ஒரு சத்தம். ஓடியாருவாக.

— தெருவே கேட்டுச் சிரிச்சது.

— சிரிப்பு சிரிப்பாத்தான் போச்சு. ஆனா மனசுக்குள்ள ஒண்ணு குத்திக்கிட்டே இருந்தது டீச்சர். சுதந்திரம் வந்து போட்ட மொத ஓட்டு. அதை எம் வெக்கம்லா தின்னுட்டு? ஐம்பத்தேழுல நீங்க வந்து அவுகளைச் சேத்தீக. அப்பவே சொன்னேன், அந்த விசுவநாதனை எடுத்துருங்கன்னு.

— சொன்ன.

— "சேக்கது லேசு, எடுக்க மனுப் போடணும்"ன்னீக. அறுபத்திரெண்டுலயும் அதையே சொன்னீக. ஓட்டுச்சாவடியில "விசுவநாதன், விசுவநாதன்"னு அவங்க கூப்பிட, இவுக பின்னால நின்னு என்னைப் பாத்துக் கண்ணடிக்காக. எனக்கோ உயிர் போகுது.

— பட்டியல்ல இதா கெடக்கான், பாரு.

— இன்னைக்கு அடிச்சிருங்க டீச்சர். அவுக வரியோட அவன் வரியும் போகட்டும். எம்பக்கத்துலயாவது அவுக சொந்தப் பேரு இருக்கணும். ஒரு ஓட்டைத்தான் பறிச்சேன், பேரையுமா பறிக்க? சொல்லிருதேன். நாக்குதான் எழும்ப மாட்டேங்கு. கொஞ்சம் பொறுங்க.

— பொறுக்கேன். அதுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லணும். கர்த்தர் என்னை மன்னிக்கணும், ஒம்பது வருசமா மறைச்சு வச்சிருக்கேன். மனுவும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஐம்பத்தேழுலயே நான் ஒரு கோடு போட்டா அவன் போயிருப்பான்.

— பொறவு ஏன் போடலை?

— அன்னைக்கு நான் ஒன் வீட்டுக்கு வார வழியில, தெருமுக்குல கொடையை மடக்கி வச்சுக்கிட்டு அண்ணாச்சி நின்னாரு. "டீச்சர், ஒரு ஒதவி. எம்பேரைச் சேருங்க. ஆனா விசுவநாதனை மட்டும் எடுத்துராதீங்க"ன்னாரு. "ஏன் அண்ணாச்சி, அவனாலதானே ஒங்க ஓட்டுப் போச்சு?"ன்னேன். சின்னப்பிள்ளை கணக்கா வெக்கப்பட்டுக்கிட்டு, "அவன் போயிட்டா, அவ பொறவு என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவா?"ன்னாரு.

— அவுகளா… அப்படியா சொன்னாக?

— அறுபத்திரெண்டுலயும் அதே முக்கு, அதே கொடை.

— அப்ப எம்மேல கோவமே இல்லையா டீச்சர்?

— கோவமா? கடைசியா கெடையில கெடந்தப்ப, டாக்டர் கூப்பிட்டாரு, நான் கூப்பிட்டேன், முழிக்கலை. நீ வந்து "விசுவநாதா"ன்னப்பதானே கண்ணைத் தொறந்தாரு? நானும் பக்கத்துல நின்னேன்லா.

— ஆமா டீச்சர், தொறந்தாக.

— இப்ப சொல்லு குழலு. நீ எதைச் சொன்னாலும் எழுதுதேன். எந்த அதிகாரி வந்தாலும் நான் பதில் சொல்லிக்கிடுதேன்.

— எழுதிக்கிடுங்க டீச்சர். கணவர் பேரு, நாறும்பூநாதன். விசுவநாதனை நான் வீட்டுக்குள்ளயே வச்சுக்கிடுதேன்.