நாற்பத்தொன்றாம் பக்கத்து முடிச்சு

வெள்ளிக்கிழமை மாலைகளில்தான் எங்கள் கடையில் புத்தகங்கள் அதிகம் போகும். பர்ன்லி ஊர் நெசவாலைகளில் அன்று சம்பளம். புகையிலையும் பத்திரிகையும் விற்கும் கடைதான். பின்சுவரில் நானூறு நாவல்கள் இருக்கின்றன. வாரத்துக்கு இரண்டு பென்னி வாடகை.

ஐயா, இந்த ஊர் மக்கள் என்ன படித்தார்கள், என்ன நினைத்தார்கள் என்பதற்குச் சான்றாக என் நோட்டைக் கல்லூரியில் வைக்க விரும்புவதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் மாலை வகுப்பில் கடைசி வரிசையில் உட்காரும் எனக்கு அது பெரிய மரியாதை. அனுப்புவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

நோட்டில் இருநூற்றுப் பதினான்கு பதிவுகள். வாசகர், புத்தகம், திருப்பித் தரும்போது சொன்னது என்று மூன்று பத்திகள். நான்காவது பத்தி என் சந்தேகங்களுக்கு. அதுதான் எப்போதும் முதலில் நிறையும். "நல்லாயிருந்துச்சு" என்று ஒருத்தி சொன்னால், உண்மையில் படித்தாளா, படித்து மறந்தாளா, என்னைத் திருப்திப்படுத்தச் சொன்னாளா? வாசகர் சொல்வது ஒன்று, நினைப்பது வேறு, இரண்டாவதற்குச் சோதனை வேண்டும் என்று மார்ச் மாதம் வகுப்பில் சொன்னீர்கள். எனக்கே சொன்னதுபோல் இருந்தது.

எங்கள் வாசகர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரே மாதிரிக் கதைகள், ஒரே மாதிரி அட்டைகள். படித்ததையே திரும்ப எடுத்துப் போகாமலிருக்க, ஒவ்வொருவரும் புத்தகத்துக்குள் ரகசியமாக ஓர் அடையாளம் வைப்பார்கள். ஒருத்தி முப்பதாம் பக்கத்தில் குண்டூசியால் குத்துவாள். ஒருவர் கடைசிப் பக்கத்தின் மூலையில் புள்ளி வைப்பார். மிஸஸ் கிரிம்ஷா நாற்பத்தொன்றாம் பக்க எண்ணின் கீழ் பென்சிலால் ஒரு சின்ன நெசவு முடிச்சு வரைந்துவைப்பார். நாற்பது வருடம் தறியில் நின்றவர். காது மந்தம், குரல் உரக்க வரும்.

தனியாக வாழ்ந்தார். அவருடைய தாய் அறுபது வயதில் புத்தி தடுமாறி, மேட்டிலிருக்கும் மனநோய் விடுதியில் இறந்தவர். தன் மகள் ஐவி, தனக்கும் அப்படி ஆகிறதா என்று கவனித்துக்கொண்டே இருப்பதாகச் சிரித்தபடி சொல்வார்.

"சாவியத் தேடினாப் போதும் எட்னா கண்ணு, ஒடனே டாக்டரக் கூப்பிடவான்னு கேக்கறா. இன்னும் என் வீட்டுக் கதவ நானே தெறக்கறேன். அது போயிட்டா என்னையே தூக்கிட்டுப் போனா மாதிரி."

அவர் நல்ல வாசகர். கொலையாளி யார் என்று பாதியிலேயே சொல்லிவிடுவார். அதனால்தான் என் சோதனைக்கு அவரைத் தேர்ந்தெடுத்தேன். நினைவு மங்கியவரைச் சோதித்தால் சோதனைக்கு மதிப்பில்லை.

அவர் எடுக்காத ஒரு நாவலில், நாற்பத்தொன்றாம் பக்கத்தில், அவருடைய முடிச்சை நான் போட்டேன். கை நடுங்காமல் வர ஐந்து தாள்களில் பழகினேன். புதிய புத்தகங்களைத் தொடவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் கடையில் இருந்தவை மட்டும். அப்போதுதான் படித்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றும்.

வெள்ளிக்கிழமை அவர் அதைப் பிரித்தார்.

"அட, இதப் படிச்சிட்டேனா? ஒரு வரிகூட ஞாபகம் இல்லயே."

பின்னால் வரிசையில் நின்ற இறைச்சிக் கடைக்காரர், "அந்தக் கதையில ஞாபகம் வெச்சிக்க என்ன இருக்கு? உங்க வீட்டுக்காரரையே மறந்துட்டீங்க" என்றார்.

"அவர மறக்கத்தான் இத்தன கதை படிச்சேன்" என்றார் மிஸஸ் கிரிம்ஷா. கடையே சிரித்தது.

'தன்னை விடக் குறியை நம்புகிறார்' என்று எழுதினேன். உடனே சந்தேகம் வந்தது. ஒரு நிகழ்வு சான்றாகாது. மறுவாரம் இன்னொன்றில் போட்டேன். பிறகு இன்னொன்றில். ஐந்தாவது புத்தகத்தின்போது அவர் சிரிக்கவில்லை. ஏழாவதை நின்றபடியே ஆறு பக்கம் படித்துப் பார்த்தார். வரிசை காத்திருந்தது. பதினோராவது வாரம், கடையில் யாருமில்லாதபோது வந்து புத்தகத்தை நீட்டினார்.

"எட்னா, உண்மையச் சொல்லு. இத நான் எடுத்துட்டுப் போனேனா?"

வாடகைப் பதிவேட்டைத் திறந்தேன். அந்தப் புத்தகத்துக்கு எதிரே அவர் பெயர் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற அவருக்கு என் எழுத்து தெரியாது.

"போன அக்டோபர், பதினாலாம் தேதி, மிஸஸ் கிரிம்ஷா."

"நல்லாயிருந்துச்சுன்னு சொன்னேனா?"

"ரொம்பப் பிடிச்சதுன்னு சொன்னீங்க."

கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாற்றிச் சொன்னால் அதுவரை எடுத்த குறிப்புகள் வீணாகிவிடும். அந்த நேரத்தில் வேறு வழி தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

அதன் பிறகு நடந்தவை நான் செய்தவை அல்ல, பார்த்தவை மட்டும். எங்கள் தெருவில் பெண்கள் காலையில் வாசற்படியைக் கழுவி, ஓரத்தில் கல் தேய்த்து வெள்ளைக் கோடு போடுவார்கள். மிஸஸ் கிரிம்ஷா அதை இரண்டு முறை செய்ய ஆரம்பித்தார். பிறகு மூன்று முறை. செய்துவிட்டோமா என்று அவருக்கு நிச்சயமில்லை. ஈரம் காயாத படியைப் பார்த்தும் நம்பவில்லை. எதிர்வீட்டுக்காரி ஐவிக்குச் சொன்னாள். ஐவி டாக்டரை அழைத்து வந்தாள்.

டாக்டர் என் கடைக்கும் வந்தார். முறையாகக் குறித்து வைப்பவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"படிச்ச புத்தகத்தயே மறுபடி எடுக்க வர்றாங்களாமே. எத்தன தடவ?"

"பதினொன்னு, சார்."

"பதினொன்னா? நிச்சயமாத் தெரியுமா?"

என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிக் கேட்டு, பதிலுக்காகக் காத்திருந்ததில்லை. தேதிகளைப் பிரதி எடுத்துத் தந்தேன். கீழே கையெழுத்துப் போட்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால் நோட்டு முழுவதையும் யாரும் நம்பமாட்டார்கள். மூன்று வருட வேலை. ஐவி வாசலில் நின்று அழுதாள். "அம்மா என்னத் திட்டுவாங்கன்னு பயந்தேன். விடுதிக்குப் போகணும்னதும் தானாவே கோட்டப் போட்டுக்கிட்டாங்க" என்றாள்.

போன ஞாயிறு மேட்டிலிருக்கும் விடுதிக்குப் போனேன். அந்த வாரம்தான் அச்சாகி வந்த ஒரு நாவலைக் கொண்டுபோனேன். மடியில் வைத்துக்கொண்டார், திறக்கவில்லை.

"இத நான் படிச்சிருக்கேனா?"

"இல்ல, மிஸஸ் கிரிம்ஷா. இப்பத்தான் வந்திருக்கு."

"என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்ற."

அப்போது எல்லாவற்றையும் சொன்னேன். பென்சில், பழகிய ஐந்து தாள்கள், அக்டோபர் பதினாலு. அவர் என் உதடுகளையே பார்த்திருந்தார். ஆலையில் பழகிய பெண்கள் அப்படித்தான் கேட்பார்கள். ஒரு வார்த்தைகூடத் தவறியிருக்காது. பிறகு என் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

"ஐயோ பாவம், இந்தச் சின்ன வயசுலயே ஒனக்கும் ஆரம்பிச்சிடுச்சா? பயப்படாத கண்ணு. இங்க எல்லாரும் நல்லவங்க."

டாக்டரிடம் சொல்லலாம். சொன்னால் நோட்டைக் கேட்பார். கேட்டால் திரும்பி வராது. அதனால் உங்களிடம் சொல்கிறேன். அந்தப் பதினொரு வரிகளையும் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். மற்ற இருநூற்று மூன்றும் சுத்தமானவை, ஐயா. அவற்றில் யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை, தாராளமாக நம்பலாம்.